கொடுக்கு அளந்த கோரைத் தண்டு

"கொடுக்கு நீளத்தைப் பார்த்துத்தான் பொந்து கொடுக்கணும் என்று சட்டம் போட்ட மகராசன் யாரய்யா? உனக்குக் கண் இல்லையா, வயிறுதான் இல்லையா?"

ஒரு காட்டாற்றின் அடியில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது சிலுப்பி என்ற பெண் இறால்.

வெள்ளக் காலம் தொடங்குமுன் அங்கே பாறைப் பொந்துகளைப் பங்கு பிரிப்பார்கள். நண்டு ஒரு கோரைத் தண்டால் ஒவ்வோர் இறாலின் கொடுக்கையும் அளக்கும். நீளக் கொடுக்குக்கு ஆழமான பொந்து. குட்டைக் கொடுக்குக்குக் கரையோரப் பாறையின் ஆழமில்லாத கீறல்.

ஆண் இறால்களுக்கு என்ன கவலை? உடம்பு ஒரு பங்கு வளர்ந்தால் கொடுக்கு இரண்டு பங்கு வளரும். சிலுப்பிக்கு வளர்ந்ததெல்லாம் வயிற்றின் அகலம்தான். அதன் அடியில் முந்நூறு முட்டைகள். கரையோரக் கீறலில் இருந்தால் முதல் வெள்ளத்திலேயே அத்தனையும் போய்விடும்.

"நண்டண்ணே, என் வயிற்றையும் அளந்து பாரும்."

"வழக்கம் இல்லையம்மா. நான் மூஞ்சியைக்கூடப் பார்ப்பதில்லை. கொடுக்கை நீட்டினால் அளப்பேன், அவ்வளவுதான்."

வரிசையில் நின்ற நெடுங்கொடுக்கன் என்ற ஆண் இறால் சிரித்தது. "அகலத்துக்குப் பங்கு என்றால் முதல் பொந்து தவளைக்கல்லவா போகும்!"

சிலுப்பிக்குச் சுருக்கென்றது. நேரே பாசிப் பக்கம் போனது. அங்கே நெடுங்கொடுக்கன் போன வாரம் உரித்துப் போட்ட ஓடு கொடுக்கோடு கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சிலுப்பி பாசிக்குப் பின்னால் மறைந்துகொண்டு, அந்த வெற்றுக் கொடுக்கை மட்டும் வெளியே நீட்டியது.

நண்டு தண்டை வைத்துப் பார்த்தது. "பலே! நடுப்பாறைப் பொந்து உமக்குத்தான் ஐயா."

சிலுப்பி வெளியே வந்து அந்த வெற்றுக் கொடுக்கை நண்டின் முன்னே போட்டது. "நல்லாப் பாரும். காலி ஓட்டுக்கு வீடு கொடுத்தீர். முந்நூறு உயிருக்கு இல்லை என்றீர்."

"ஏமாற்றுக்காரி, அது என் பழைய ஓடு!" என்றது நெடுங்கொடுக்கன்.

"நீ வேண்டாமென்று கழற்றிப் போட்டதற்கே இவ்வளவு மரியாதையா?"

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. "சட்டம் நான் போட்டதில்லையே அம்மா."

சிலுப்பி நடுப்பாறைப் பொந்துக்குள் நுழைந்து வாசலை மறித்து நின்றது.

"சட்டம் போட்டவர் எங்கே இருந்தாலும் போய்ச் சொல்லும். கீறல்களில் இன்னும் நாற்பது தாய்மார் நிற்கிறார்கள். வெள்ளம் வருமுன் அவரே வந்து இந்தத் தண்டை முறித்துப் போடட்டும். வயிற்றையும் சேர்த்து முதலிலிருந்து அளக்கட்டும். அதுவரை நான் நகர மாட்டேன்."

நீதி: வெவ்வேறாய் வளரும் உடல்களுக்கு ஒரே அளவுகோல் நியாயமாகாது, அதை வைத்தவரே வந்து மாற்ற வேண்டும்.