அடமானம் போன தீவு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும். எங்கள் தீவு அரசின் கையில் மண்ணெண்ணெய் வாங்கக்கூடக் காசில்லாத வருஷம் அது. கடன் கொடுக்க வந்த வெளிநாட்டு வங்கி அதிகாரி, "தீவை அதிலுள்ள அத்தனையோடும் அடமானம் எழுதுங்கள்" என்றார்.

மாடு மேய்க்கும் பேச்சி குறுக்கே வந்தாள். "எங்க வழக்கத்தையும் ஒரு வரி சேர்த்துக்குங்க ஐயா. அடமானமாப் போன வாய்க்கு, அடமானம் பிடிச்சவர்தான் தீனி போடணும்."

"இருப்பது நாலு மாடு. எழுது" என்று தன் குமாஸ்தாவிடம் சொல்லிச் சிரித்தார் அதிகாரி.

மறுநாள் மதியம் நாற்பதாயிரம் பேர் அவர் வாசலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"இதென்ன கூத்து?"

"அத்தனையோடும்னு நீங்கதான சொன்னீங்க? நாங்களும் அடமானம்தான். குழம்பு ஆறுறதுக்குள்ள போடச் சொல்லுங்க" என்றாள் பேச்சி.

மூன்றாம் நாள் அதிகாரி கும்பிட்டார். "கடனை மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள், தாயே. தீவை இப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்."

சொன்னது நானென்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். தினம் இரண்டு இலை போட்டுச் சாப்பிட்டவனை அந்த வங்கி இன்னும் தேடுகிறது.