மேல்தட்டுப் பால்

தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பூஜை அறை, ஒரு சமையல்கட்டு, ஓடு வேய்ந்த சில அறைகள், ஒரு கிணறு, ஒரு ஃபிரிட்ஜ்.

குரு, நீலாம்பிகை அம்மா. தலைமைச் சிஷ்யை திரிபுரசுந்தரி. சிஷ்யைக்குக் குருவைவிட வயது அதிகம். அதனால் சிஷ்யை குருவை 'அம்மா' என்பாள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இரண்டு பேரும் குழம்பியதில்லை.

சுந்தரி பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் படித்தவள். நகத்தில் அழுக்கு இருந்தால் அளவுகோலால் அடிக்கும் கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்து, ஈரப் புடவையோடுதான் அடுப்பைத் தொடலாம் என்ற மாமியாரின் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு தரப்பிடமும் நல்ல பெயர் வாங்கியவள். சுத்தம் என்று வந்துவிட்டால் அவளை ஜெயிக்க ஆளில்லை.

அம்மாவின் அறை வாசலில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிப்பாள். குளித்தாயா, என்ன சாப்பிட்டாய், வீட்டில் தீட்டு உண்டா? கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்தால் உள்ளே விடுவாள். பாதிப் பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள். அம்மாவுக்குத் தொந்தரவு குறைந்தது என்று அவளுக்குப் பெருமை.

குருபூஜைக்கு முந்தின நாள் காலையில் அவள் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"வந்த நாள்லேருந்து உங்க பக்கத்திலேயே இருக்கேன். உங்க நிழல் விழுற தூரத்தை விட்டு நகர்ந்ததில்லை. கிணத்தடியிலே பாத்திரம் தேய்க்கிற பேச்சிக்கு நீங்க போறபோக்கிலே ஒரு வார்த்தை சொல்லுதீங்க. அவ முகம் தெளிஞ்சு போயிருக்கு. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இறங்கலே? என்கிட்ட என்ன குறைச்சல்?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதில் தெரியாம நாளைக்கு நான் விளக்கேத்த மாட்டேன். பெட்டியைக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிருவேன். சும்மா மிரட்டுதேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கலே."

அம்மா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சமையல்கட்டிலிருந்து பேச்சியின் குரல் வந்தது.

"ஆச்சி! மோரு இன்னைக்கும் புளிச்சுப்போச்சு. நாளைக்கு அத்தனை சனம் வருமே, அவங்க வாயிலே இதையா ஊத்த?"

அம்மா எழுந்தாள். "வாங்கக்கா, முதல்லே அதைப் பார்ப்போம்."

"நான் கேட்டது?"

"உங்க கேள்வி புளிச்சுப்போகாது. மோர் போயிரும்."

சுந்தரிக்குக் கோபம் மூக்கின் நுனியில் வந்து நின்றது. ஆனாலும் பின்னாலேயே போனாள். சமையல்கட்டில் ஒன்று கெட்டது என்றால் அது அவள் மானம்.

பேச்சி சுந்தரியிடம் ஒரு டம்ளரை நீட்டினாள். "குடிச்சுப் பாருங்க ஆச்சி. காது ரெண்டும் அடைச்சுக்கும்."

"சித்திரை வெயில். அப்படித்தான் இருக்கும்."

"வெயிலு வெளியேல்லா அடிக்கி? பெட்டிக்குள்ளயுமா அடிக்கி?"

"வாயைக் குறை. பாத்திரத்தைத் தேய்."

"மெக்கானிக்கைக் கூட்டியாரச் சொல்லட்டா?"

"எதுக்கு? என் வீட்டு ஃபிரிட்ஜைக் கடைசிவரை ஒரு மெக்கானிக் தொட்டதில்லை. இதையும் தொட விடமாட்டேன். தள்ளு."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தாள். கரண்ட் சரியாக இருந்தது. ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கக் கம்பிவலையில் படிந்திருந்த ஒட்டடையைத் துடைத்தாள். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள். தாள் வரவில்லை.

"கதவு ரப்பர் நல்லாத்தான் பிடிக்குது" என்றாள்.

அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ கேஸ் போயிருக்கும் ஆச்சி" என்றாள் பேச்சி.

"கேஸ் போனா மேலே ஐஸ் எப்படிக் கட்டும்? யோசிச்சுப் பேசு."

சுந்தரி கதவைத் திறந்தாள்.

உள்ளே பார்த்தால் யாருக்கும் கைகூப்பத் தோன்றும். உச்சியில் ஐஸ் அறை. அதற்கு அடியில் சாமிக்கான தட்டு: அபிஷேகப் பால் சொம்பு, சந்தனக் கிண்ணம், வாழையிலையில் சுற்றிய பூ. அந்தத் தட்டின் மேல், இவற்றுக்கெல்லாம் அடியில், ஒரு தேக்குப் பலகை. சிவராத்திரிக்கு முன்னால் சுந்தரி அளவெடுத்துச் செய்வித்தது. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இம்மி பிசகாமல் பொருந்தும். கதவுப் பக்கம் மட்டும் ஒரு விரல் இடைவெளி இருந்தது; அதில் மஞ்சள் நனைத்த துணியைச் சுருட்டித் திணித்திருந்தாள். கீழ்த்தட்டுகளில் ஊர் ஜனங்கள் கொண்டுவரும் குழம்பு, கூட்டு, மோர்ப்பானை. அதில் வெங்காயமும் இருக்கும், பூண்டும் இருக்கும், எந்த வீட்டில் என்ன தீட்டோ அதுவும் இருக்கும். அதன் வாடை சாமி பாலில் ஏறலாமா?

"கீழேருந்து ஒரு மூச்சு மேலே போகாது" என்று பலகை வைத்த அன்று அவள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். வந்தவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். திறந்து காட்டும்போதெல்லாம் இன்னமும் அவளுக்கு முதுகு தானாக நிமிரும். இப்போதும் நிமிர்ந்தது.

"குளிர் கூட்டுற திருகு எங்கே நிக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"கடைசியிலே. கீழே குளிரலேன்னு நான்தான் திருகி வச்சேன்."

"அந்தப் பாலைக் கொடுங்க."

சுந்தரி சொம்பை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"ஐயோ, அபிஷேகப் பால்!"

ஒரு சொட்டு விழவில்லை.

அம்மா சொம்பைக் குலுக்கினாள். உள்ளே கல்லாக இருந்தது. "ஏன் விழமாட்டேங்குது?"

"உறைஞ்சுபோச்சு. தினமும் இப்படித்தான். வெந்நீர்லே வச்சு இளக்கித்தான் பூஜைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எங்கே வச்சிருந்தீங்க?"

"ஐஸ் அறைக்கு நேர் கீழே. ஒட்டினாப்பிலே."

"அவ்வளவு பக்கத்திலேயா?"

"அதைவிடப் பக்கத்திலே வைக்க இடமில்லை."

"குளிர் ஒண்ணும் குறைச்சல் இல்லையே?"

"இல்லை." சுந்தரி பதிலைச் சொல்லிவிட்டு அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காலையில் தான் பேசிய வார்த்தையே திரும்பக் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

அம்மா மோர்ப்பானையில் கையை வைத்தாள். "இது வெதுவெதுன்னு இருக்கு. இது வேற ஃபிரிட்ஜா?"

"என்ன கேள்வி? ஒரே ஃபிரிட்ஜ்தான்."

"குளிர் எங்கே பிறக்குது?"

"மேலே."

"கீழே எப்படிப் போகும்?"

"இறங்கித்தான் போகும். இதைக்கூடவா சொல்லணும்? அதுக்குத்தானே தட்டைக் கம்பியிலே செஞ்சு வச்சிருக்கான். நடுவிலே இடுக்கு விட்டு, அது வழியா..."

அவள் நிறுத்தினாள்.

கை நீட்டியபடியே இருந்தது. நீட்டிய விரலுக்கு நேரே பலகை.

பேச்சி, "அதான் நான் அப்பவே..." என்று ஆரம்பித்தாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். பேச்சி துடைத்து வைத்த ஒரு பாத்திரத்தை எடுத்து மறுபடி துடைத்தாள்.

யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுந்தரி சண்டை போட்டிருப்பாள். பலகைக்காகப் பேச அவளிடம் ஆயிரம் நியாயம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அவள் சந்தனத்தையும் பூவையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் துணியை உருவினாள். பலகை சுலபத்தில் வரவில்லை. அத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஒரு காலை ஃபிரிட்ஜின் அடியில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். பலகை வந்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனாள். பிடிக்க வந்த பேச்சியின் கையைத் தட்டிவிட்டாள். பாலை வெந்நீரில் இளக்கி ஒரு தூக்குவாளியில் ஊற்றி, மூடியை இறுகத் திருகி மேல்தட்டில் வைத்தாள். வாடை ஏறாமல் இருக்க இந்த மூடி போதும். சிவராத்திரிக்கு முன்னாலேயே இது போதுமாக இருந்திருக்கும். அதை நினைத்தபோது காது சுட்டது.

திருகை நடுவுக்குக் கொண்டுவந்தாள். புளித்த மோரைக் கொட்டிவிட்டுப் புது மோரைப் பானையில் ஊற்றிக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

"நான் சொல்றவரைக்கும் யாரும் இந்தக் கதவைத் திறக்கக்கூடாது" என்றாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

அம்மா முக்காலியை எடுத்து மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் சுந்தரி கதவைத் திறந்தாள். முதலில் தூக்குவாளியைத் திறந்து சாய்த்துப் பார்த்தாள். பால் கோடாக விழுந்தது. பிறகு கீழ்த்தட்டிலிருந்து ஒரு டம்ளர் மோர் எடுத்துப் பேச்சியிடம் நீட்டினாள்.

"குடிச்சுட்டு உண்மையைச் சொல்லு."

பேச்சி ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "பல்லு கூசுது ஆச்சி."

"கூசட்டும். நாளைக்கு அத்தனை பேருக்கும் கூசணும்."

பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். வாசலில் அவள் நாற்காலி வழியில் கிடந்தது. பலகையோடு உள்ளே நுழைய முடியவில்லை. அதைச் சுற்றி, பக்கவாட்டில் திரும்பி, இடுப்பில் ஒரு இடியும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"வச்சது நான். எடுத்ததும் நான். இப்ப அடுப்பிலே வைக்கப்போறேன். உங்ககிட்ட சொல்லிட்டு வைக்கலாம்னு வந்தேன்."

தலை குனியவில்லை. கண் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

அம்மா பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"யார் செஞ்சது?"

"கல்லிடைக்குறிச்சி ஆசாரி. பக்கத்திலேயே நின்னு இழைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். எத்தனை வருஷமானாலும் வளையாது." சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது. தன் முதுகைத் தானே கவனித்து, அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"காலையிலே நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலே" என்றாள்.

அம்மா பலகையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல தேக்கக்கா, எரிக்காதீங்க. வாசல்லே உங்க நாற்காலியை எடுத்துட்டு அந்த இடத்திலே இதைப் போட்டு, நாளைக்கு வர்றவங்களுக்கு மோர்ப்பானையை அதுமேலே வைங்க. கனம் தாங்கும்."