குற்றாலிங்கம் பேசாமல் நின்ற நிமிடம்

விடையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இப்போதே அங்கே கண்ணை ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு அவர்களோடு பேச்சில்லை. மற்றவர்கள் இப்படி உட்காருங்கள்.

தென்காசியில் அமுதவல்லி என்றொரு பெண். பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் ஒரு வெப் சீரிஸ். வெப் சீரிஸ் என்றதும் கேரவன், குடை பிடிக்க ஆள் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எழுதியவள் அவள், இயக்கியவள் அவள், டீ வாங்கிவந்தவளும் அவள்தான். மொத்தம் ஆறு எபிசோடு. ஆளில்லாத வீட்டில் தனக்குத்தானே ஓயாமல் பேசிக்கொண்டு வாழ்கிற ஒருவனின் கதை. அந்தக் கதையை அவள் எங்கேயும் தேடிப் போகவில்லை. வாடகை அறையில் உட்கார்ந்து, எழுதிய வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். நன்றாக இருக்கிறது என்றோ, சகிக்கவில்லை என்றோ சொல்ல ஓர் ஆள் கிடையாது. நான்கு வருடம் அப்படியே போயிற்று. பாவம், கதைக்கு முடிவு மட்டும் வரவேயில்லை.

படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர் குற்றாலிங்கம். மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி வடிவு இடுப்பெலும்பு முறிந்து உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். "வீட்டுல நாலு குரல் கேட்டா அவளுக்கும் நல்லாயிருக்கும்" என்று சொல்லித்தான் முன்னறையைத் திறந்துவிட்டார்.

ஒலிப்பதிவுக்கு வந்தவன் ஞானதுரை. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒரு நிமிடம் பொம்மை மாதிரி நிற்க, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே அதைப் போட்டு நிரப்பாவிட்டால் பார்க்கிறவருக்குக் காது அடைத்த மாதிரி இருக்குமாம். அன்று அமுதவல்லி வீட்டுக்காரரிடமும் சொன்னாள்: "அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிஷம். என்ன நடந்தாலும் வாயத் திறந்துராதீங்க." அவரும் தலையாட்டிவிட்டு உள்ளறைக் கதவோரம் நின்றார்.

இருபதாவது வினாடியில் உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க… இருக்கீங்களா?"

குற்றாலிங்கம் வாயைத் திறக்கவில்லை. ஞானதுரையின் உயர்த்திய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை இறங்கியதும் உள்ளே ஓடினார். அதற்குள் வடிவு கண்ணயர்ந்திருந்தார். ஞானதுரை இன்னொரு நிமிடம் எடுத்துக்கொண்டான். கெட்டுப்போன முதல் பதிவை அழிக்காமல் அப்படியே போட்டுவைத்தான்.

இரண்டு மாதத்தில் வடிவு இறந்துபோனார்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது அமுதவல்லி அந்த முதல் பதிவைக் கேட்டாள். ஒரு குரல்; அதன் பிறகு நாற்பது வினாடி ஒன்றுமே இல்லை. அட, நான்கு வருடமாகத் தேடிய முடிவு இதுதானே! ஆறு எபிசோடும் ஓயாமல் பேசியவன், நிஜமாகவே ஒரு குரல் கூப்பிடும்போது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், தொடர் முடிகிறது. வெள்ளிக்கிழமை வெளியீடு. புதன்கிழமை சாயங்காலம் ஞானதுரையையும் கூட்டிக்கொண்டு, லேப்டாப்போடு குற்றாலிங்கத்திடம் அனுமதி கேட்கப் போனாள்.

மனிதர் தம் வீட்டு நாற்காலியைத் திரையில் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"இதுக்குப் பின்னால நான் 'இருக்கேன்'னு சொல்லுதேன். அதையும் சேர்த்துருங்க" என்றார்.

அமுதவல்லிக்குப் பகீரென்றது. "பதில் வந்துட்டா கதையே போச்சே, அண்ணாச்சி! இது உங்க வீடுன்னு பாக்குறவங்களுக்குத் தெரியவா போகுது? பதில் சொல்லாதது கதையில வர்ற ஆளு, நீங்க இல்ல."

"முப்பத்தெட்டு வருஷம் அவ கூப்பிட்டப்பல்லாம் போயிருக்கேம்மா. அது எதுவும் எங்கயும் பதிவாகல. போகாத ஒண்ணுதான் பதிவாயிருக்கு. அவ குரல்னு எனக்கு இருக்கதும் இது ஒண்ணுதான்." சொல்லும்போதே அழுதார். மறைத்துக்கொள்ளாமல் அழுதார்.

ஞானதுரையால் பொறுக்க முடியவில்லை. "ரெண்டும் வேண்டாம். அந்தம்மாகிட்டக் கேக்காம எடுத்த குரல் இது. அழிச்சிருவோம், யாருக்கும் பிரச்சினை இல்ல" என்றான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கதை எழுதியவள் பதில் கூடாது என்கிறாள். அந்தக் குரல் யாரைக் கூப்பிட்டதோ அவர் பதில் வேண்டும் என்கிறார். பதிவு செய்தவன் குரலே கூடாது என்கிறான். இந்த மூவரில் யார் பேச்சில் நியாயம் இருக்கிறது?

விடை: ஞானதுரை சொல்வது முதலில் நியாயம் போலத் தெரியும். ஆனால் அந்த யோசனை அவனுக்கு அன்றைக்கே வந்திருக்க வேண்டும். இப்போது அழித்தால் குற்றாலிங்கத்துக்கு மனைவியின் குரலும் போய்விடும். அமுதவல்லி அந்த நாற்பது வினாடியைக் கதையின் சொத்து என்று நினைக்கிறாள். அங்கேதான் சறுக்குகிறாள். அது காலி வீட்டின் மௌனம் இல்லை. நாலடி தள்ளி நின்ற ஒரு மனிதர், இவள் கேட்டுக்கொண்டாளே என்று தொண்டையில் அடக்கிக்கொண்ட பதில். வாயைத் திறக்காதே என்றவள்தான் திறக்கவும் விட வேண்டும். ஆகவே குற்றாலிங்கம் கேட்டதே நியாயம். பதில் வராத அறை எப்படி இருக்கும் என்று அமுதவல்லிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, வியாழக்கிழமை காலையில் அவளே மைக்கோடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வந்த எபிசோடில் பதில் இருந்தது. கதை கொஞ்சம் கெட்டுத்தான் போயிற்று. போகட்டும்.