கருஞ்சேற்றுக்கு அஞ்சாத உண்ணிகள்

ஒரு காட்டில் கருஞ்சேற்றுக் குளம் ஒன்று இருந்தது என்பதைவிட, அந்தக் குளத்தில்தான் காடே கிடந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். அந்தச் சேற்றைப் பூசிக் காயவிட்டால் போதும், உடம்பில் ஒட்டிய உண்ணியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட சேறு!

சும்மா இருக்குமா நம் விலங்குகள்? தும்மினால் சேறு, கால் சுளுக்கினால் சேறு. "எதற்கு வேண்டுமானாலும் பூசலாம், வாருங்கள் வாருங்கள்!" என்று குளக்கரைப் பன்றி வேறு கூவிக்கொண்டே இருந்தது.

காட்டெருமை ஒன்று எடுத்ததற்கெல்லாம் தன் கன்றை அங்கே கூட்டிப்போகும். சேறு காயும்போது தோல் இழுக்கும், கன்று சிணுங்கும். "போதும்டா கண்ணு" என்று பாதியிலேயே ஆற்றில் இறக்கிக் கழுவிவிடும். பெற்ற மனசு, என்ன செய்வது?

ஒரு மழைக்காலத்தில் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. கழிச்சல் நின்றபோது கன்று எலும்பும் தோலுமாக இருந்தது. அதுவரை காதோரம் பரமசாதுவாக ஒட்டிக்கிடந்த நாலைந்து உண்ணிகள், "இதுதான் சமயம்!" என்று குடும்பம் பெருக்கின. காதுக்குள், தொடையிடுக்கில், வாலடியில், எங்கே பார்த்தாலும் உண்ணி! ரத்தம் குறைந்து குறைந்து, கன்றால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

தாய் கலங்கவில்லை. "சேறு இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்று கன்றை முட்டித் தள்ளிக் குளத்தில் புரட்டியது. சேறு காய்ந்தது. ஒன்றுகூட உதிரவில்லை.

கன்றின் காதுக்குள்ளிருந்து ஒரு கிழட்டு உண்ணி சிரித்தது. "எங்களில் நோஞ்சான்கள் எல்லாம் எப்போதோ செத்தார்கள், அம்மா. நீ பாதியில் கழுவிவிட்டாயே, அப்போதெல்லாம் தப்பிப் பிழைத்த முரடர்களின் பிள்ளைகள் நாங்கள். இந்தச் சேறு எங்களுக்குச் சந்தனம்!"

தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, என் பிள்ளைக்கு நானே எமனாகிவிட்டேனே!"

"ஒப்பாரியை நிறுத்து. கன்று இன்னும் மூச்சு விடுகிறது" என்றபடி அதன் முதுகில் வந்து இறங்கியது உண்ணிக்கொக்கு. உண்ணி பொறுக்கித் தின்றே வயிறு வளர்க்கும் பறவை அது.

"கொக்கக்கா, என் பிள்ளை பிழைக்குமா?"

"பிழைக்கும். வெளியே இருப்பதை நான் கொத்திவிடுவேன். காதுக்குள் என் அலகு எட்டாது. அதற்கு வேறு மருந்து பார்க்க வேண்டும்."

"காட்டில் உள்ள இலையெல்லாம் அரைத்துப் பூசு! ஏதாவது ஒன்று கேட்காமலா போகும்?" என்றது பன்றி.

"நீ வாயை மூடு" என்றது கொக்கு.

வேம்பு, நொச்சி, சீத்தா என்று மூன்று இலைகளைக் கசக்கிப் பாறைமேல் வைத்தது. கன்றின் மேலிருந்து உண்ணிகளை உயிரோடு பிடித்து ஒவ்வோர் இலையிலும் விட்டது. வேம்பில் விட்டவை சோம்பல் முறித்தன. நொச்சியில் விட்டவை உலாவப் போயின. சீத்தாவில் விட்டவையோ காலை உதறி, மல்லாந்து, அடங்கிப்போயின.

"அகப்பட்டது மருந்து!" என்றது கொக்கு. "சீத்தா இலையை மென்று, கண்ணில் படாமல் காதில் சாற்றை விடு. நான் பார்த்துச் சொல்லும்வரை ஒரு வேளையும் தவறக்கூடாது."

சில நாளில் கன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"அதுதான் சரியாகிவிட்டதே! பச்சைப்பிள்ளையை ஏன் வதைக்கிறாய்?" என்றது பன்றி. கன்றும் சிணுங்கியது. ஆனாலும் தாய் அதைக் கொம்பால் மறித்து நிறுத்திச் சாற்றை விட்டது. காதுக்குள்ளிருந்த கடைசி உண்ணியும் விழுந்த பிறகுதான் கொக்கு "போதும்" என்றது.

சேதி காடெங்கும் பரவியது. மறுநாள் காலை சீத்தா மரத்தடியில் திருவிழாக் கூட்டம்! நரிக்குத் தலைவலியாம். முயலுக்குத் தூக்கம் வரவில்லையாம். எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தது பன்றி.

"எனக்கு லேசாக வயிறு உப்பிசம். வயிற்றில் தடவ ஓர் இலை கொடேன்."

தாய் எருமை மரத்தை மறித்து நின்றது. "உன் மேல் உண்ணி இருக்கிறதா?"

"இல்லை. இருந்தாலும் ஓர் இலைதானே? என்ன குறைந்துவிடப் போகிறது?"

எருமை கொம்பைத் தாழ்த்தியது. "உனக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும் உண்ணிகள் இந்த இலைக்கும் பழகிவிட்டால், இன்னொரு தாயின் கன்று குறைந்துவிடும். நடையைக் கட்டு!"

நீதி: தேவையின்றித் தொட்ட மருந்தும் பாதியில் விட்ட மருந்தும் நோய்க்கே துணை.