அவன் வசிக்கிறான், அவர்கள் வசிக்கிறார்கள்

பரராசசிங்கத்துக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நேர்காணல். பிரெஞ்சுக் குடியுரிமைக்காக அவர் போகும் இரண்டாவது நேர்காணல் அது.

முதலாவது, இரண்டு வருடத்துக்கு முன்னர், ஒரு சத்தத்தில் கெட்டுப்போனது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். அவர்கள் என்னோடு வசிக்கிறார்கள் என்று சொல்வதாக நினைத்து, அவன் என்னோடு வசிக்கிறான் என்று சொல்லிவிட்டார். பத்திரத்தில் இரண்டு மகன்கள், வாயில் ஒரு மகன். அதிகாரி துருவத் துருவ நாக்கு ஒட்டிக்கொண்டது. கோப்பு திரும்பி வந்தது.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில், தமிழ்ச் சங்கம் ஒன்றின் பின்னறையில், பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் துஷ்யந்திக்கு முன்னால் இருந்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது, உணவகமொன்றில் சமையல் வேலை. அவளுக்கு இருபத்தாறு, பாரிஸிலேயே பிறந்தவள். அவளை அவர் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான் என்று வினைச்சொற்களை வரிசையாக ஒப்பித்தார். எழுதும்போது சொல்லின் வால் ஆளுக்கு ஆள் மாறும். சொல்லும்போது பாதி வால்கள் காணாமற்போய்விடும். அவர் கொப்பியை மூடினார்.

“வாய் திறக்காத எழுத்தை ஏன் ரீச்சர் எழுதவேணும்?”

அவள் கொப்பியைத் திரும்பத் திறந்து வைத்தாள். அடுத்த வினைக்குப் போகச் சொன்னாள்.

வசிப்பது. ‘இல் அபித்’ என்றால் அவன் வசிக்கிறான். ‘இல் ஸபித்’ என்றால் அவர்கள் வசிக்கிறார்கள். நடுவில் விழும் அந்த ‘ஸ்’ மட்டும்தான் வித்தியாசம்.

அயலவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று கேட்டாள். இல் ஸபித் என்று சுத்தமாகச் சொன்னார். கூட வேலை செய்பவர்கள்? இல் ஸபித். மகன்கள்?

“இல் அபித்.”

திரும்பக் கேட்டாள். திரும்பவும் அதே. ஆறாவது தடவையும் அதே.

“எத்தினை மகன்மார், அங்கிள்?”

“ரெண்டு பேர்.”

“அப்ப சொல்லுங்கோ.”

“இல் அபித்.”

அவள் பேனையை மேசையில் வைத்தாள். திங்கட்கிழமையும் இதுதான் வரப்போகிறது என்றாள். ஊரில் எல்லாருக்கும் விழுகிற சத்தம் சொந்த மகன்களுக்கு மட்டும் ஏன் விழவில்லை என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரை இன்னும் குத்தியது.

மேசையைப் பார்த்தபடி கொப்பியைத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார். மூத்தவன் கஜானன் படிப்பை விட்ட அன்று அவர் கை நீட்டிவிட்டார். எட்டு மாதமாகிறது. ஒரே வீடு, ஒரே குசினி. அவர் வந்தால் அவன் எழும்பிப் போய்விடுவான்.

“அவன் என்னோட கதைக்கிறேல்லை, ரீச்சர்.”

துஷ்யந்தி எழுந்துபோய், அவர்கள் வசிக்கிறார்கள் என்பதைப் பிரெஞ்சில் பலகையில் எழுதினாள். அழிக்கும் துணியை அவர் கையில் கொடுத்தாள்.

“உங்கட வாயில கதைக்காத எழுத்து எல்லாத்தையும் அழியுங்கோ.”

வினையின் கடைசி இரண்டு எழுத்துகளை அழித்தார். அவை யாருடைய வாயிலும் ஒலிக்காதவை. பிறகு முன்சொல்லான ‘இல்’லின் முடிவில் நின்ற, அந்த ‘ஸ்’ சத்தத்தைத் தரும் எஸ்ஸைப் பார்த்தார். துணி கொஞ்சம் தயங்கியது. அதையும் அழித்தார்.

“இப்ப வாசியுங்கோ. எத்தினை பேர் இருக்கினம்?”

பலகையில் இப்போது அவன் வசிக்கிறான் என்று இருந்தது. பரராசசிங்கம் துணியை மேசையில் வைத்தார்.

கடைசியில், ஒரு நாள்தானே இருக்கிறது, அந்தச் சத்தத்தை எப்படி வரவழைப்பது என்று கேட்டார்.

“நான் சொல்லித்தந்து வராது, அங்கிள். என்னைப்போல இங்க பிறந்து பிரெஞ்சு கதைக்கிற ஒராள் உங்கட வீட்டில இருக்கிறார். அவரைக் கேளுங்கோ.”

ஞாயிறு பின்னேரம் கொப்பியோடு மூத்தவனின் அறை வாசலில் போய் நின்றார். அவன் கட்டிலில் இருந்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழும்பினான். வெளியே போக வழி இல்லை, வாசலில் அவர். உள்ளே கால் வைக்காமல் அங்கேயே நின்று, அவர்கள் வசிக்கிறார்கள் என்ற வரியைப் பிரெஞ்சில் வாசித்தார். அவன் நிமிரவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். மூன்றாவது தடவை வாசித்து முடிய, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் சொன்னான்.

“எஸ்ஸை விட்டிட்டீங்கள், அப்பா.”

பரராசசிங்கத்தால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.