பிஞ்ச தோசை யாருக்கு

காலை நீட்டிப் படு. பெரியம்மா வயித்து மேல காலைப் போடாதே, கனக்குது. சரி சரி, போட்டுக்கோ, மூஞ்சியைத் தூக்காதே. கதைக்கு "ம்" கொட்டணும், தெரியும்ல? நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு. அந்த பஸ் ஸ்டாண்டு ஓரமா ஒரு தோசைக்கடை. கடைக்காரி பேரு பவுனம்மா. பொழுது விடிஞ்சதும் அடுப்பு மூட்டிடுவா. கல்லுல தண்ணி தெளிச்சா "சுர்ர்ர்". பாதி வெங்காயத்தை வெச்சுத் தேய்ச்சா "சரக் சரக்". மாவை ஊத்தினா எப்படி இருக்கும், நீ சொல்லு? ஆங், "சொய்ங்ங்".

ஆனா முதல் தோசை இருக்கு பாரு, அது சண்டித்தனம் பண்ணும். கல்லுல ஒட்டிக்கும், பிஞ்சு பிஞ்சு வரும். அதை யாருக்குப் போடறது? பவுனம்மா சுரண்டி எடுத்து ஒரு தட்டுல வெச்சு, "இது எனக்கு, அப்புறமா சாப்பிட்டுக்கறேன்"னு மூடி வெச்சுடுவா. அப்புறமா, அப்புறமான்னு மத்தியானம் ஆயிடும். அப்போ அது செருப்பு மாதிரி இருக்கும். நின்னுக்கிட்டே ரெண்டு வாய் பிச்சுப் போட்டுக்கிட்டு, மடக் மடக்னு தண்ணியைக் குடிச்சுட்டு மாவாட்டப் போயிடுவா. ஊருக்கே சூடாத் தோசை போட்டவ, தான் சூடா ஒண்ணு தின்னதே இல்லை. கேட்டா, "நான் உக்காந்தா கடை என்ன ஆகறது?"ம்பா. பெரிய கலெக்டரு இவ.

ம்?

அவ வயித்துக்குள்ள பசின்னு ஒருத்தி குடியிருந்தா. உனக்குள்ளயும் இருக்கா, சாயங்காலம் பிஸ்கட் கேட்டாளே, அவதான். பவுனம்மாவோட பசி தினமும் "கொர்ர்ர்"னு கூப்பிடுவா. "இரு, இதோ"ம்பா பவுனம்மா. மறுபடி "கொர்ர்ர்". மறுபடி "இரு, இதோ". ஒரு நாள் பசிக்குக் கோவம் வந்துடுச்சு. "இந்த வீட்ல எனக்கு மரியாதையே இல்லை"ன்னு, தன் தங்கச்சி ருசியைக் கையில பிடிச்சுக்கிட்டு, பவுனம்மா கொட்டாவி விட்ட நேரம் பாத்து வாய் வழியா விசுக்குனு வெளிய போயிட்டா.

அப்புறம் பவுனம்மா நாக்கு வெறும் கட்டையா ஆயிடுச்சு. சட்னியில உப்பு போட்டோமா, தெரியலை. போட்டா. மறுபடியும் போட்டா. பஸ் டிரைவர் துரைப்பாண்டி வாயில வெச்சதும் "தூ" ன்னான். "என்னக்கா, கடலையே கரைச்சு ஊத்திட்டியா?"ன்னு எழுந்து எதிர்க்கடைக்குப் போயிட்டான். கண்டக்டர் போனான். பூக்காரியும் போயிட்டா. பெஞ்சு காலி. பவுனம்மாவுக்கு அழுகை அழுகையா வருது. கடை போச்சுன்னா அவ எங்க போவா சொல்லு? பாவம்.

அப்போ பாத்தா, காலிப் பெஞ்சுல பசி உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருக்கா. மடியில ருசி.

"வந்துடுடி, கண்ணு"ன்னா பவுனம்மா.

"வர்றேன். ஒரு தோசை. சூடா. உக்காந்து முழுசாச் சாப்பிடணும். பாதியில எழுந்தா வரமாட்டேன். மூணு நாள் பாப்பேன், அப்புறம் நாங்க வெளியூர் பஸ் ஏறிடுவோம்."

இவ்வளவுதானான்னு பவுனம்மா மறுநாள் உக்காந்தா. ஒரு வாய் பிட்டா. "பாம் பாம்!" துரைப்பாண்டி வந்துட்டான். "அக்கா, இன்னைக்காவது உப்பு சரியா இருக்கா? வண்டி கிளம்புது." போனவன் வந்துட்டானேன்னு எழுந்து ஓடினா. தோசை ஆறிடுச்சு.

ரெண்டாம் நாள் ரெண்டு வாய் பிட்டா. "ங்ஙே ங்ஙே"ன்னு பூக்காரி பிள்ளை அழுதுச்சு. "இதைக் கொஞ்சம் வெச்சுக்கோ"ன்னா பூக்காரி. எழுந்துட்டா. ருசி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "அக்கா, போயிடலாம் வா"ங்கறா.

மூணாம் நாள் தட்டுல தோசை, ஓரத்துல நெய். அப்போ டொக் டொக்னு தடி சத்தம். வந்தது யாரு? மாமியார். மாமியார் எதிர்ல பவுனம்மா ஒரு நாளும் உக்காந்ததில்லை. விருட்டுனு பாதி எழுந்துட்டா. அங்க பசி பையைத் தூக்கிட்டா. வெளியூர் பஸ் "டுர்ர்ர்"னு உறுமுது.

ம் சொல்லு. தூங்கிடாதே, இதுதான் முக்கியம்.

பவுனம்மா எழுந்தவ உக்காந்துட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அத்தை, கொஞ்சம் இருங்க. நான் சாப்பிட்டு வர்றேன்"ன்னா.

மாமியார் அவளை முறைச்சாங்க. அப்புறம் தட்டைப் பாத்தாங்க.

"சூடா இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்போ பேசாம தின்னு. ஆறிடும்."

சொல்லிட்டு, தடியைச் சுவத்துல சாய்ச்சுட்டு, முந்தானையைச் செருகிக்கிட்டுத் தோசைத் திருப்பியை எடுத்தாங்க. கல்லு ஆறிப் போயிருந்துச்சா, ஊத்தின தோசை பிஞ்சு பிஞ்சு வந்துச்சு. பவுனம்மா கை தானா நீளுது, "அது எனக்கு அத்தை"ன்னு. பட்டுனு கையில ஒண்ணு வெச்சாங்க. "உனக்குத்தான் தட்டுல இருக்கே"ன்னு, பிஞ்சதை, அப்பத்தான் வந்து உக்காந்த துரைப்பாண்டி தட்டுல போட்டாங்க. அவன் ஒண்ணும் சாகலை. தின்னுட்டு இன்னொண்ணு கேட்டான்.

பவுனம்மா கடைசி வாயைச் சட்னியில தொட்டு வாயில வெச்சா. "ஐயய்யோ, உப்பு"ன்னா. பாத்தியா, ருசி வந்துட்டா. கூடவே வயித்துல "கொர்ர்ர்", இன்னொண்ணு வேணுமாம். அன்னைக்கும் பஸ்ஸெல்லாம் நேரத்துக்குத்தான் கிளம்பிச்சு. அதுக்கப்புறம் அந்தக் கடையில பிஞ்ச தோசைக்கு முறை வந்துடுச்சு. ஒரு நாள் டிரைவர், ஒரு நாள் பூக்காரி, ஒரு நாள் மாமியார். பவுனம்மா முறை வந்தா பவுனம்மா. அதையும் சூடா, உக்காந்துதான் சாப்பிடுவா.

அவ்வளவுதான். கண்ணை மூடு.

என்னது? கொர்ருன்னு சத்தம் வந்துச்சா? அது பூனைடி. என் வயித்துக்குள்ளயா? நீ காலைப் போட்டிருக்கேல்ல, அதான். சரி, பூனை இல்லை, நான்தான். உங்கம்மா டூட்டி முடிச்சு வரட்டும்னு சாப்பிடாம இருந்துட்டேன்.

தள்ளாதே, போறேன். ரசத்தைச் சுட வெச்சு, உக்காந்தே சாப்பிடறேன், போதுமா? ஆனா நடுவுல "பெரியம்மா"ன்னு கூப்பிட்டா, "கொஞ்சம் இரு, சாப்பிட்டு வர்றேன்"ம்பேன். அழக்கூடாது. ம்?

ம் சொல்லுடி.

தூங்கிட்டியா என் தங்கம். கதைக்கும் தூக்கம் வந்தாச்சு, உனக்கும் வந்தாச்சு. நான் போய்ச் சோறு சாப்பிடறேன்.