ஒன்பது புள்ளி எட்டு

இயற்பியல் துறைத் தலைவர் தளவாய்க்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. முதலாண்டில் சேருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பொங்கலுக்குள் ஓடிவிடுகிறார்கள். இந்த வருஷமும் ஓடினால் துறையையே மூடிவிடுவதாகத் துணைவேந்தர் சொல்லிவிட்டார். பாடத்திட்டத்தை மாற்றி எழுத நாளைக்குக் கூட்டம்.

நேராகத் தன் ஆசிரியை ஆவுடையம்மாளிடம் போனார். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தை விட்டு நகராத மனுஷி.

"மேடம், பாடத்திட்டம் வீங்கிக் கிடக்கு. எதை வெட்டலாம்னு கேட்டா, ஆளாளுக்கு என் பாடத்துல கை வைக்காதேன்னு சண்டைக்கு வர்றாங்க. நீங்களே சொல்லுங்க, எதை வெட்ட?"

"அது கிடக்கட்டும். அங்க ஊசல் மாட்டி வச்சிருக்கேன். புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு."

துறைத் தலைவருக்கு முதலாண்டுச் சோதனை. என்ன செய்ய, சொன்னது குருவாயிற்றே. தளவாய் குண்டை ஆட்டிவிட்டு ஒரு அளவு எடுத்தார். அப்புறம் குனிந்தவர்தான், பேனா பாட்டுக்கு ஓடியது. அட்டவணை நிரம்பியது. கடைசி வரியில், புத்தகத்தில் அச்சடித்த அதே ஒன்பது புள்ளி எட்டு.

பெருமையோடு நிமிர்ந்தார். தாங்கியில் நூலும் இல்லை, குண்டும் இல்லை.

"குண்டு எங்க மேடம்?"

ஆவுடையம்மாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "நீ ரெண்டாவது அளவு எழுதும்போதே கழட்டிட்டேன்."

தளவாய் முகத்தில் அசடு வழிந்தது. "விடைதான் தெரியுமே மேடம். படிச்ச காலத்துலேருந்தே பின்னாலேருந்து போட்டுப் பழக்கம். நம்ம பசங்களும் அப்படித்தான்..." சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆவுடையம்மாளும் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு குண்டை மறுபடி மாட்டினார். "இப்போ விடை தெரியாத ஆளா நினைச்சுக்கிட்டு அளந்து பாரு."

இந்தத் தடவை தளவாய் ஊசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கணக்குப் போட்டார். ஒன்பது புள்ளி ஆறு.

"குறையுதே. ஏன் மேடம்? காத்தா? நூல் இழுபடுதா? இருங்க, நீளத்தைக் குண்டோட நடு வரைக்கும் அளந்தேனா, உச்சி வரைக்குமா?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அளவுகோலைத் தேடினார். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது, அவர் காதில் விழவில்லை. வெகுநாளைக்குப் பிறகு மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கிளம்பி வாசல் வரை போன பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"மேடம், எதை வெட்டன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"முதல்ல அந்த ஒன்பது புள்ளி எட்டை வெட்டு," என்றார் ஆவுடையம்மாள்.